சுவருக்குள் தண்ணீர்: ஒரு ஒயின் அறையை இரண்டு முறை கட்டிய கதை

பலகையின் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றியதும் அது தானாகவே என் பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்த கிளாஸ் வுல்லில் (கண்ணாடி இழைப் பஞ்சு) ஒரு பிடி பிய்த்தெடுத்து முறுக்கினேன். ஊறவைத்த துணியைப் பிழிந்தது மாதிரி தண்ணீர் ஒழுகியது. கையுறைக்குள் இறங்கி மணிக்கட்டு வரை நனைந்தது. சுவர்ப் பக்கத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய பஞ்சு, கரும்பச்சை நிறத்தில் பாய் விரித்தது போல் கிடந்தது. அந்த அறையில் குளிர்பதன மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிஸ்ப்ளேயில் 13 டிகிரி. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் அது சொன்னது.

இது போன வருடம். இரண்டாவது முறை கட்டிய அறை இப்போது பதினோரு மாதமாக ஒழுங்காக நிற்கிறது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வீட்டின் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சேமிப்பு அறை. 2.4 மீட்டர் நீளம், 1.8 அகலம், 2.4 உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் இதைவிடச் சின்னதாக இன்னொரு ஸ்டோர். கையில் ஏறக்குறைய 300 பாட்டில் இருந்தது. பாதி இப்போதே குடிக்கக்கூடியது. மீதி எட்டு, பத்து வருடம் படுத்துக் கிடக்கவேண்டியது. அந்த மீதிக்காகத்தான் இவ்வளவு பாடு.

தேவை என்னவோ எளிதுதான். வெப்பம் 12 முதல் 14 டிகிரிக்குள், ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்துக்குள். ஈரப்பதம் வெகுநாள் 50-க்குக் கீழே போனால் கார்க் காயும். 75, 80 என்று ஏறினால் லேபிளில் பூசணம் பிடிக்கும். பிரான்ஸின் ஷாம்பேன் பகுதியில், ரான்ஸ் நகரத்துக்கு அடியில் இருக்கும் பழைய சுண்ணாம்புக்கல் குழிகள் மெஷின் எதுவும் இல்லாமலே வருடம் முழுக்க 10 முதல் 12 டிகிரியில் நிற்கின்றன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோடையில் என் ஸ்டோரில் 32 டிகிரி.

முதலில் செய்தது சோம்பேறித்தனமான வழி. கையிலிருந்த ஒரு டன் ஸ்ப்ளிட் ஏசியை மாட்டி 16-ல் வைத்தேன். ரிமோட்டில் அதற்குக் கீழே போகாது. 16 என்பது மோசமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஈரப்பதம் 48-ஐத் தாண்டவே இல்லை. வீட்டு ஏசியின் 'காயில்' (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) மிகவும் குளிர்ந்து ஓடுவதால், காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வெளியே சொட்டவிட்டுவிடுகிறது. அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். சென்ஸர் பக்கத்தில் ஒரு சின்ன ரெஸிஸ்டரைச் சூடாக்கி, அறை இன்னும் சூடாக இருப்பதாக ஏசியை ஏமாற்றி 13-க்கு இறக்கப் பார்த்தேன். மூன்றாம் நாள் காயில் முழுக்க ஐஸ்.

பார்க்க வந்த மெக்கானிக் ஐஸைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் உள்ளங்கையை வைத்தார். "சார், கேஸெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க ரூம் குளிரைப் பிடிச்சு வைக்க மாட்டேங்குது. எந்த மெஷின் போட்டாலும் இப்படித்தான் மூச்சு வாங்கும்" என்றார்.

அன்று இரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெறும் செங்கல் சுவரும் கூரையும் சேர்த்து 24.5 சதுர மீட்டர். வெளியே 32, உள்ளே 13 என்றால் சுவர் வழியாக மட்டும் 900 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதே சுவரில் 10 செ.மீ. நல்ல ஃபோம் போர்டு இருந்தால் 140 வாட். தரை, கதவு, விளக்கு எல்லாம் சேர்த்தாலும் 250-க்குள் அடங்கும். ஏசியை மாட்டுமுன் போடவேண்டிய கணக்கு இது.

சரி, இன்சுலேஷன் செய்துவிட்டு ஒயின் அறைக்கென்றே வரும் மெஷினை வைப்போம் என்று முடிவானது. இந்த மெஷின்களில் காயில் அவ்வளவு குளிராது, அதனால் ஈரம் அதிகம் போகாது. நான் வாங்கியது சுவரைத் துளைத்து மாட்டும் வகை. முன்பக்கம் ஒயின் அறையில், பின்பக்கம் அடுத்த ஸ்டோரில். குளிர்விக்கும் திறன் சுமார் 800 வாட், இழுக்கும் மின்சாரம் 450.

இன்சுலேஷனுக்குச் சுவரில் மரச்சட்டம் அடித்து, நடுவில் 7.5 செ.மீ. கிளாஸ் வுல் திணித்தேன். அதன்மேல், அறையின் உட்பக்கமாக, பாலித்தீன் ஷீட். அதன்மேல் பலகை. ஒரு குளிர்நாட்டு வீடு கட்டும் வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள். நானும் ஒரு சுருக்கம் இல்லாமல், கட்டில் விரிப்பை இழுத்து விரிப்பது மாதிரி, அழகாக இழுத்து ஸ்டேப்ளர் அடித்தேன். அந்த ஷீட்டைப் போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன்.

ஐந்து மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கம்ப்ரஸர் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கதவைத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். தரையோரப் பட்டியில் மிளகு தூவியது போல் கரும்புள்ளிகள். பலகையைத் தட்டினால் 'டப் டப்' என்று கேட்பதற்குப் பதிலாக 'தொப்' என்றது. மழைக்காலம் முடிந்ததும் பிரித்துப் பார்த்தேன். பிறகு நடந்ததுதான் மேலே சொன்னது.

தப்பு எங்கே என்பதைக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் போதும், அதுவே சொல்லிவிடும். வியர்வை வெளிப்பக்கம்தான் வரும். 32 டிகிரியும் 60 சதவீத ஈரமும் உள்ள காற்று, 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராக மாறும். வெளியிலிருந்து ஈரக் காற்று செங்கல் வழியாகக் கிளாஸ் வுல்லுக்குள் நுழைந்து, குளிர்ந்த பாலித்தீன் ஷீட்டில் முட்டி, அங்கேயே தண்ணீராகி, வெளியேற வழியில்லாமல் ஊறியிருக்கிறது. அந்த வீடியோவில் வீட்டுக்குள் சூடு, வெளியே பனி. அங்கே சூடான பக்கம் என்பது உட்பக்கம். எனக்கு அது வெளிப்பக்கம். ஷீட் எப்போதும் சூடான பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

இடித்து அள்ள இரண்டு நாள். பதினான்கு சாக்கு. பாட்டில்களை வீட்டின் குளிர்ச்சியான ஒரு மூலையில் அடுக்கி, தடித்த போர்வை போட்டு மூடினேன். சுவர் காய மூன்று வாரம் ஃபேனும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையரும் ஓடின. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, முக்கால் முழச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். முதல் இரண்டு தடவையும் பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் மூடுபனி. மூன்றாவது தடவை ஒன்றும் இல்லை. அவசரப்பட்டு இரண்டாவது வாரமே ஆரம்பித்திருந்தால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன்.

இரண்டாவது கட்டுமானம் இப்படி. செங்கல்லை ஒட்டி முதலில் 0.15 மி.மீ. பாலித்தீன் ஷீட். சுவர், கூரை, தரை எல்லாம் ஒரே பை மாதிரி. ஷீட்டும் ஷீட்டும் சேருமிடத்தில் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும், அங்கே டேப். மூலைகளில் ஷீட்டை வெட்டக்கூடாது, பரிசுப் பொட்டலம் கட்டுவது போல் மடிக்கவேண்டும். இதற்கே ஒன்றரை நாள் போயிற்று. அதன்மேல் 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (கெட்டியான ஃபோம் பலகை) இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் இணைப்புக்கு நேராக இரண்டாவது அடுக்கின் இணைப்பு வராதபடி, செங்கல் அடுக்குவது மாதிரி மாற்றி மாற்றி. தரையில் ஒரே அடுக்கு, மேலே ப்ளைவுட். இடுக்குகளில் அடித்ததும் உப்பும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம். அது உப்பிக் காய்ந்ததும் கட்டரால் மட்டமாகச் சீவி, அலுமினியம் டேப் ஒட்டினேன். உட்பக்கம் 12 மி.மீ. ஈரம் தாங்கும் பலகை. இந்த முறை கிளாஸ் வுல் கிடையவே கிடையாது.

ஃபோம் அடிப்பதில் ஒரு எச்சரிக்கை: இடுக்கில் பாதிதான் நிரப்பவேண்டும். நான் முதல் இடுக்கை முழுசாக நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் போர்டு ஒரு விரற்கடை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

எல்லாம் மூடிய பிறகு ரேக்கைக் கொண்டுவந்தோம். தச்சர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் மறுமுனையை. உள்ளே போகவில்லை. ரேக் 2.2 மீட்டர், பழைய உள்ளளவு 2.22-க்குச் செய்தது. இப்போது இரண்டு பக்கமும் சேர்த்து 22.4 செ.மீ. இன்சுலேஷன் தின்றுவிட்டதால் மிச்சம் 2.176. இரண்டரை சென்டிமீட்டர் பற்றவில்லை. "அண்ணே, ஒரு பக்கக் காலை இழைச்சு எடுத்துடலாமா?" என்றேன். அவர் ரேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போர்டு போடுறதுக்கு முன்னாடி டேப் பிடிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது தம்பி" என்று சொல்லியபடியே இழைக்க உட்கார்ந்தார்.

கதவு பழையபடி உள்ளே வெற்றான ஃப்ளஷ் கதவுதான். அதை மாற்றி, நடுவில் ஃபோம் வைத்த வெளிவாசல் கதவு போட்டேன். சுற்றிலும் ரப்பர் பீடிங், அடியில் தரையைத் தொடும் பட்டி. சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவிடுக்கில் வைத்து மூடி, இழுக்கவேண்டும். இறுக்கிப் பிடித்தால் சரி; வழுக்கி வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் தொடவில்லை. பூட்டுப் பக்கம் மேல்மூலையில் காகிதம் சுலபமாக வந்தது. கீலை ஒரு சுற்று இறுக்கியதும் பிடித்துக்கொண்டது.

அடுத்து ஊதுபத்தி. வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, அறைக்குள் சுவரோரமாகப் புகையை நகர்த்திக்கொண்டே வந்தேன். கதவருகே அசையவில்லை. மெஷின் சுற்றிலும் அசையவில்லை. சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் வந்ததும் புகை சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், வயர் வரும் கண்டூட் பைப்பின் வாய் அப்படியே திறந்து கிடந்தது. ஷீட்டை அவ்வளவு கவனமாக ஒட்டியும், கட்டைவிரல் பருமன் குழாய் ஒன்று வெளிக்காற்றை நேராக உள்ளே கொண்டுவந்துகொண்டிருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, வயரைச் சுற்றி அடைப்புப் பசையால் குழாய் வாயை அடைத்தேன். கூரை விளக்குக்கு வரும் பைப்பிலும் அதேதான். மொத்தம் நான்கு ஓட்டை. பழைய அறையிலும் இவை இருந்தன என்பது ஞாபகம் வந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மெஷினைத் திரும்ப ஓட்டத் தொடங்கியதும் புதுத் தலைவலி. அது உள்ளே எடுக்கும் வெப்பத்தையும், தான் இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்துப் பின்பக்க ஸ்டோரில் கொட்டுகிறது. ஸ்டோரோ ஒரு பீரோவும் நான்கு பெட்டியும் வைத்தால் நிரம்பிவிடும் அளவு. கதவு மூடியிருந்த ஒரு மதியம் அங்கே 39 டிகிரி ஏறி, மெஷின் தானே அணைந்துவிட்டது. இவ்வகை மெஷின்கள் பின்பக்கக் காற்று 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நிம்மதியாக ஓடும். ஸ்டோர் கதவின் அடியில் லூவர் (காற்று போகும் சாய்வுப் பட்டிகள்) வைத்து, மேலே 15 செ.மீ. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை 30 டிகிரியில் தானாக ஓடும்படி மாட்டினேன். அதற்கப்புறம் 33-ஐத் தாண்டவில்லை.

மெஷினில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெய்ன் பைப்பில் இரண்டு விஷயம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். கண்ணை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, பைப்பில் ஒரு யு வளைவு. அது இல்லாததால் என் மெஷினின் ஃபேன் பைப் வழியாகவே காற்றை உறிஞ்சி, தண்ணீரை இறங்கவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. தட்டு நிரம்பித் தரையில் சொட்டிய பிறகுதான் புரிந்தது. மெஷினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் துண்டு வைத்தேன். ரேக்கில் கை வைத்தால் இப்போது அதிர்வு தெரிவதில்லை.

அளக்கும் கருவிகளை நம்புமுன் ஒரு சோதனை. பாட்டில் மூடியில் உப்புப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரப்பதமானியோடு சேர்த்து ஜிப் பையில் மூடி ஓர் இரவு வைத்தேன். உப்புக் கரையாமல் மிச்சம் இருக்கும் வரை பைக்குள் 75 சதவீதம் காட்டவேண்டும். என்னுடையது 68 காட்டியது. அதாவது ஒரு வருடமாக நான் 62 என்று பார்த்துத் திருப்திப்பட்டதெல்லாம் 69-க்குப் பக்கம். கருவியின் முதுகில் '+7' என்று எழுதி ஒட்டிவிட்டேன். அதுவே போதும்.

வெப்பத்துக்கு, மெஷினோடு வந்த சென்ஸர் காற்றில் தொங்கியது. கதவைத் திறந்தாலே 3 டிகிரி எகிறி, உடனே கம்ப்ரஸர் ஓடும். ஒரு காலி ஒயின் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சென்ஸரை உள்ளே விட்டு, வாயை அடைத்து, நடு ரேக்கில் படுக்காமல் நிறுத்தினேன். நமக்குத் தெரியவேண்டியது ஒயினின் வெப்பம், காற்றினுடையது அல்ல. ஆனால் இதிலும் ஒரு வினை இருக்கிறது: தண்ணீர் தாமதமாகக் குளிர்வதால் காற்று 9 டிகிரி வரை இறங்கியது. கொஞ்சம் யோசித்து, பெரிய பாட்டிலுக்குப் பதில் 100 மில்லி குப்பிக்கு மாறினேன். இப்போது 13-ல் செட்டிங், ஒன்றரை டிகிரி இடைவெளி. காற்று 11.5-க்குக் கீழே போவதில்லை.

காலி அறையாக ஐந்து நாள் ஓட்டினேன். பிறகு நாளுக்கு 60 பாட்டிலாக உள்ளே கொண்டுவந்தேன். முந்நூறையும் ஒரே மூச்சில் அடுக்க ஆசைதான். ஆனால் 30 டிகிரியில் இருக்கும் 60 பாட்டிலே மெஷினை அன்று முழுக்கப் போட்டு வாட்டியது.

பழைய அறையில் கடைசி மாதங்களில் கம்ப்ரஸர் நாளின் எண்பது சதவீத நேரம் ஓடியது, எட்டரை யூனிட். இப்போது கோடையிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மூன்றரை யூனிட்டுக்குச் சற்றே மேல்.

செலவை நூறு பங்காகப் பிரித்தால் மெஷின் 40. போர்டு, ஃபோம், டேப் எல்லாம் 20. கூலி 12, கதவு 10, மின்வேலையும் ஃபேனும் பைப்பும் 5. மிச்சம் 13 பங்கு அந்தப் பதினான்கு சாக்கில் போனது. இவ்வளவு கூத்துக்கும் காரணமான பாலித்தீன் ஷீட் அரைப் பங்குகூட வராது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒரு முறை பின்பக்க கண்டென்ஸரில் (வெப்பத்தை வெளிவிடும் பகுதி) படியும் தூசியை மென்மையான பிரஷ்ஷால், அதன் மெல்லிய தகடுகள் போகும் திசையிலேயே தள்ளுகிறேன். மறந்த ஒரு மாதத்தில் ஓடும் நேரம் கண்கூடாக ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ட்ரெய்னில் ஒரு கோப்பை வினிகர். இல்லாவிட்டால் வழுவழுப்பாக ஏதோ வளர்ந்து அடைத்துக்கொள்கிறது. கதவு ரப்பரை ஈரத்துணியால் துடைக்கிறேன். வறண்ட மாதங்களில் ஈரப்பதம் 55-க்கு இறங்கினால், அகலத் தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும். கிண்ணத்தில் வைத்தால் போதாது, பரப்பு வேண்டும். ஒரு முறை நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. காற்று 17 வரை போனது, குப்பியில் 15. கதவைத் திறந்து எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் அப்போது செய்யக்கூடிய ஒரே வேலை.

மறுபடி கட்டினால் மெஷினின் சூடான பாதியை வீட்டுக்கு வெளியே வைக்கும் ஸ்ப்ளிட் வகைதான் வாங்குவேன். ஸ்டோரை அடுப்பாக்கி, அப்புறம் அதற்கு ஒரு ஃபேன் வைத்ததெல்லாம் தேவையே இல்லாத வேலை. வயரை எல்லாம் சுவருக்குள் ஓட்டாமல், ஒரே ஓட்டை வழியாக உள்ளே கொண்டுவந்து பலகையின் மேல் ஓட்டுவேன்.

இந்த முறை பலகையை மூடுமுன், ஃபோமுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன சென்ஸரை வைத்து மூடியிருக்கிறேன். நேற்றுக் காலை அதில் ஈரப்பதம் 63, அறையில் 62. சுவர் காய்ந்துதான் இருக்கிறது. வியர்ப்பது இப்போது ஒன்றே ஒன்று: கதவின் வெளிப்பக்கக் கைப்பிடி. உள்கைப்பிடியையும் அதையும் இணைக்கும் இரும்புத் தண்டு குளிரை வெளியே கடத்துகிறது. மழை நாளில் பிடித்தால் கை ஈரமாகிறது. தண்டை நடுவில் வெட்டி நைலான் துண்டு வைக்கமுடியுமா என்று தச்சரிடம் கேட்டிருக்கிறேன். அளவெடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.